ஐந்தாவது வரியில் ஒருவரைக் காணோம்

போன வாரம் மருமகள் வாயிலிருந்து விழுந்த அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் மறந்திருக்கலாம். மாமியார் டைப்பம்மா மறக்கவில்லை.

"உங்களுக்கு டைப்பிங்தான் தெரியும் அத்தை, கணக்கு தெரியாது."

அவ்வளவுதான். கத்தல் இல்லை, கதவு அறையப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து எட்டு நாளாக மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. "உங்க அம்மாகிட்ட பேனா இருக்கான்னு கேளுங்க" என்று இங்கிருந்து ஒரு செய்தி போகும். "உன் பொண்டாட்டிகிட்ட மேஜை மேலேயே இருக்குன்னு சொல்லு" என்று அங்கிருந்து பதில் வரும். நடுவில் மாட்டிக்கொண்ட மகன் லிப்ட் மெக்கானிக். மாடிக்கும் கீழுக்குமாக அலைவது தொழிலில் பழக்கம் என்பதால் வீட்டிலும் முகம் சுளிக்காமல் அலைந்தான்.

கல்லூரிக் கணிதத் துறையில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் டைப்பம்மா. இப்போதும் வீட்டு முன்னறையில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு மூக்குக்கண்ணாடி சகிதம் உட்கார்ந்து வினாத்தாளும் ஆய்வேடும் அடித்துத் தருகிறார். எந்தச் சமன்பாட்டையும் கோணல்மாணல் இல்லாமல் காகிதத்தில் உட்கார வைத்துவிடுவார். அதன் பொருள் என்ன என்று கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

மருமகளுடைய ஐந்து வருஷ ஆராய்ச்சியையும் அவர்தான் அடித்துக்கொண்டிருந்தார். வினை வந்தது எண்களில். சமன்பாட்டு எண்ணை மருமகள் கையால் போட்டிருந்தாள். டைப்பம்மா யாரையும் கேட்காமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எண்கள் தானாக ஏறும்படி கோப்பு முழுவதையும் மாற்றி வைத்தார். அவசரத்தில் இருந்த மருமகளுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. அப்போது விழுந்ததுதான் அந்த வாக்கியம். மிச்சத் திருத்தங்களை அவளே செய்துகொள்வதாகக் கோப்பை வாங்கிப் போய்விட்டாள்.

இன்று கடைசி நாள். மூன்றாவது முறையாக வாங்கிய அவகாசம் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் ஆய்வேடு ஏறியாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து. ஐந்து வருஷத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காலை ஏழே முக்கால் மணிக்கு உள்ளறையிலிருந்து மருமகள் அலறினாள்.

டைப்பம்மா போய் நிற்கும்போது அவள் திரையைப் பார்த்தபடி வாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சமன்பாட்டின் மேல் சொடுக்கியிருந்தாள். எழுத்துக்குள் கர்சர் போய் நிற்பதற்குப் பதிலாக, அதைச் சுற்றி எட்டுப் புள்ளியோடு ஒரு சட்டம் முளைத்திருந்தது.

டைப்பம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "படமாயிடுச்சு" என்றார்.

எட்டு நாளுக்குப் பிறகு மருமகளைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எல்லாமேவா?" என்றாள் அவள்.

டைப்பம்மா குனிந்து நாலைந்து இடத்தில் சொடுக்கிப் பார்த்தார். எல்லாமே. பார்வைக்குப் பழையபடிதான் இருந்தன. ஆனால் ஒன்றைக்கூடத் திருத்த முடியாது. அச்சடித்தால் தண்ணீர் பட்ட மாதிரி மங்கும்.

மகன் பல் துலக்கிய நுரையோடு வந்தான். நடந்ததைக் கேட்டதும் நுரையை விழுங்கிவிட்டான்.

"யுனிவர்சிட்டி ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரா இருக்கப்போகுதே, தொறக்காதேன்னு... நேத்து நான்தான் பழைய முறைக்கு மாத்தி சேவ் பண்ணி வெச்சேன்."

"மாத்தாத பிரதி எங்கடா?" என்றார் டைப்பம்மா.

அவன் சுபாவம் வீட்டுக்கே தெரியும். ஒரு லிப்டை ஆறு கம்பி தாங்குகிறது, ஒன்று அறுந்தாலும் ஐந்து தாங்கும் என்பது அவன் தினசரி ஓதும் மந்திரம். அந்த வழக்கப்படி மனைவியின் ஆய்வேட்டுக்கு ஆறு பிரதி வைத்திருந்தான். நேற்று அன்பு பொங்கிப்போய் ஆறின் மேலும் மாற்றிய கோப்பையே ஏற்றிவிட்டான். அம்மாவின் கணினியையும் விட்டு வைக்கவில்லை.

"நீ வேலைக்குக் கிளம்பு" என்றார் டைப்பம்மா.

"அம்மா, நான் ஏதாவது..."

"நீ பண்ணினது போதும்ப்பா. கிளம்பு."

அவன் போன பிறகு மருமகள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "இருநூத்திப் பதினாலு சமன்பாடு. முடிஞ்சுது."

டைப்பம்மா மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு நிமிஷம். நானூற்று இருபத்தெட்டு நிமிஷம். ஏழு மணி நேரமும் கொஞ்சமும். இப்போது மணி எட்டு. அவருக்குப் பயம் வரவில்லை. சொல்லப்போனால் விரல் துறுதுறுத்தது. எட்டு நாளாகப் பள்ளிக்கூட வினாத்தாள் அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தார்.

"ரெண்டு வாரம் முன்னாடி அச்சடிச்சுக் குடுத்தேனே, உங்க சார் சிவப்பு மையில திருத்தினாரே, அந்தத் தாள் இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு முன்னறைக்கு வா. நீ வாசி, நான் அடிக்கிறேன். அழறதா இருந்தா அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கலாம்."

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாள்கட்டோடு வந்தாள்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. அவள் வகுப்பில் வாசிப்பது போல வாசித்தாள். "இன்டக்ரல் ஜீரோ டு ஒன், லாம்டா சப் ஐ பை..." கேட்பவர் அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் மூன்று சமன்பாட்டுக்கே பன்னிரண்டு நிமிஷம் போயிற்று.

"இரும்மா" என்றார் டைப்பம்மா. "இப்படிப் போனா நாளைக்கு மதியம் ஆயிடும். என் வழியில சொல்லு. இது கொக்கி. மேல இருக்கிறது தலை, கீழ இருக்கிறது காலடி. ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா மாடி வீடு. மேல் வீட்டை முதல்ல சொல்லு, அப்புறம் கீழ் வீடு. இந்த லாம்டா இருக்கே, காலை அகட்டி நிக்கிறான் பாரு, அகட்டினவன்."

"இதுக்கு?"

"சாஞ்ச எம்."

கூட்டல் தொகைக் குறியைத்தான் அப்படிச் சொன்னார். மருமகளுக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. ஐந்து வருஷமாகத் தூக்கம் கெடுத்த குறியை யாரும் அவளிடம் இவ்வளவு அலட்சியமாகச் சொன்னதில்லை.

"சரி. கொக்கி. காலடில பூஜ்யம், தலைல ஒண்ணு. உள்ள மாடி வீடு. மேல் வீட்டுல அகட்டினவன், காலடில ஐ. கீழ் வீட்டுல... வர்க்கமூலம், கூரை போட்டு..."

"கூரைக்குள்ள யாரு?"

"ஒண்ணு மைனஸ் எக்ஸ், தலைல ரெண்டு."

டைப்பம்மாவின் விரல்கள் ஓடின. மெனுவைத் திறந்து குறி குறியாகத் தேடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு பின்சாய்வுக் கோடு, லாம்டா என்று ஆங்கிலத்தில், ஒரு இடைவெளி. அந்த இடைவெளியைத் தட்டிய கணத்தில் எழுத்துகள் மறைந்து அகட்டினவன் வந்து நிற்பான். அடிக்கோடு தட்டினால் அடுத்தது காலடிக்கு இறங்கும். சாய்வுக்கோடு தட்டினால் மாடி வீடு எழும்பும். மாறிகள் சாய்ந்து நிற்க வேண்டும், எண்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், கழித்தல் குறி இணைப்புக்கோடு மாதிரி குட்டையாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்யவில்லை.

பல வரிகள் உள்ள சமன்பாடு வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிப்பார். சமக்குறிகள் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அதில் அவருக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது.

பத்து மணிக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. பதினொன்றரைக்கு நூறு. மருமகள் இப்போது மூச்சு விடாமல் ஓதினாள். "சாஞ்ச எம், காலடில ஜே, அகட்டினவன், தலைல அலை."

"உனக்கு நல்லா வருது" என்றார் டைப்பம்மா. சொன்ன பிறகுதான் தாம் கோபமாக இருக்க வேண்டியவர் என்று நினைவு வந்தது. அதற்காகச் சொன்னதைத் திரும்ப வாங்கவும் மனம் வரவில்லை.

நடுவில் மகன் மூன்று முறை போன் செய்தான். மூன்று முறையும் "வேலையைப் பாரு" என்ற ஒரே பதில் கிடைத்தது. மதியம் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே மருமகள் வாசித்தாள். விசைப்பலகை மேல் தூள் விழுந்ததற்கு டைப்பம்மா முறைத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டிவிட்டாள்.

இரண்டு மணி நாற்பதுக்கு நூற்று எண்பத்தேழாவது வந்தது. ஆறு வரிச் சமன்பாடு. டைப்பம்மா ஐந்தாவது வரியை அடித்து, சமக்குறியை நேராக்கினார். கையை எடுத்துவிட்டார்.

"ஒருத்தரை விட்டுட்ட."

"இல்ல அத்தை, சரியாத்தான் வாசிச்சேன்."

"நாலாவது வரி வரைக்கும் சமக்குறிக்கு வலது பக்கம் மூணு பேர் வராங்க. அஞ்சாவதுல ரெண்டு பேர்தான் இருக்காங்க. நடுவுல நின்னவரைக் காணோம்."

மருமகள் தாளைப் பார்த்தாள். தாளிலும் இரண்டு பேர்தான். நிம்மதியாகச் சிரித்தாள். "அவர் கேன்சல் ஆயிட்டார் அத்தை. அதனால இல்ல."

"கேன்சல் ஆகணும்னா எதிர்ல இன்னொருத்தர் வேணுமில்ல? நூத்திப் பதினெட்டாவதுலயும் இதே மாதிரி ஒருத்தர் போனார். அங்க மேல் வரியிலேயே மைனஸ் போட்டு அவருக்கு ஜோடி நின்னுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து போனாங்க. இங்க இவருக்கு ஜோடி எங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. மருமகள் நூற்றுப் பதினெட்டைப் புரட்டினாள். மறுபடி நூற்று எண்பத்தேழுக்கு வந்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்துப் பேனாவை எடுத்தாள்.

தவறாகச் சொல்லிவிட்டோமோ, இருக்கிற நேரத்தையும் கெடுத்துவிட்டோமோ என்று டைப்பம்மாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மணி இரண்டே முக்கால் ஆயிற்று. மூன்று ஆயிற்று. அவள் இரண்டாவது தாளுக்குப் போயிருந்தாள்.

மூன்று இருபதுக்குப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவர் போக மாட்டார் அத்தை. அங்கேயேதான் இருப்பார்."

"அதனால?"

"இந்த ஆய்வேட்டுல ரெண்டு தேற்றம் இருக்கு. முதலாவது நிக்குது, அதுக்கு இந்த வரி தேவையில்லை. ரெண்டாவதுதான் பெரிசு. எங்க சார் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்றது. அது..." தாளை மேஜையில் குப்புறக் கவிழ்த்தாள். "அது தப்பு."

அந்த நேரம் பார்த்து மகன் நான்காவது முறையாக அழைத்தான். ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது நாலாவது மாடிக்கு நடுவே நின்றுகொண்டு, விஷயத்தைக் கேட்டதும் பதறினான்.

"ஐயோ, அதை அப்படியே விட்டுட்டு ஏத்திடுங்க! உங்க சாரே பார்க்கலை. வேற யாரு கண்ணுல படப்போகுது?"

"நீ பிடிச்சிருக்கிற கம்பியைக் கெட்டியாப் பிடி" என்று சொல்லி டைப்பம்மா போனை வைத்தார்.

மருமகள் அவரையே பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க அத்தை? விட்டுடலாமா, எடுத்துடலாமா?"

டைப்பம்மாவின் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. எனக்குத்தான் கணக்கு தெரியாதே, என்னை ஏன் கேட்கிறாய்? எட்டு நாளாக மென்றுகொண்டிருந்த பதில். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பதிலை விழுங்கினார்.

"இது உன் பேர்ல வர்ற புத்தகம்மா. எது நிக்கும், எது நிக்காதுன்னு சொல்ல வேண்டியது நீதான். நேரத்தைப் பத்திக் கவலைப்படாதே, அது என் பொறுப்பு. அடிக்கச் சொன்னா அடிக்கிறேன், அழிக்கச் சொன்னா அழிக்கிறேன்."

மருமகள் யோசித்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"நூத்தி எழுபத்தொண்ணுல இருந்து இருநூத்தி மூணு வரைக்கும். பதினோரு பக்கம். எடுத்துடுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயம். தப்புன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அதுல என் பேர் இருக்கக் கூடாது."

டைப்பம்மா பதினோரு பக்கத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தார். இரண்டு வருஷ உழைப்பு அது. மருமகள் ஒரு முறை கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

"இப்போ பின்னாடி இருக்கிற எண் எல்லாம் மாறணுமே" என்றாள் திடீரென்று. "உரைக்குள்ள எத்தனை இடத்துல குறிப்பிட்டிருக்கேன்! ஒவ்வொண்ணாத் தேடி..."

டைப்பம்மா விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப் ஒன்பது விசையைத் தட்டினார். இருநூற்று நான்கு என்று இருந்தது நூற்று எழுபத்தொன்று ஆயிற்று. அடுத்தடுத்த எண்களும் வரிசையாக இறங்கி நின்றன. உரைக்குள் இருந்த எண்களும் கூடவே மாறின. நான்கே இடத்தில் மட்டும், குறிப்பிட்ட இடம் காணப்படவில்லை என்று கோப்பே தடித்த எழுத்தில் புகார் சொன்னது. அழித்த சமன்பாடுகளைச் சுட்டிய நான்கு வாக்கியங்கள் அவை.

மருமகள் அந்தத் திரையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது அத்தை."

"அதை அப்புறம் பேசலாம். இந்த நாலு வாக்கியத்தையும் சரிபண்ணு. முன்னுரையில ரெண்டு தேற்றம்னு இருக்கும், அதையும் ஒண்ணுன்னு மாத்தணும். இன்னும் பதினோரு சமன்பாடு பாக்கி இருக்கு" என்றார் டைப்பம்மா. கண்ணாடியைக் கழற்றி, அழுக்கில்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

நாலேகாலுக்குக் கடைசிச் சமன்பாடு உட்கார்ந்தது. நூற்று எண்பத்தொன்று. நாலு இருபத்தைந்துக்கு முன்னுரையும் முடிவுரையும் மாறின. இருவரும் தோளோடு தோள் ஒட்டி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்கள். மருமகள் கணக்கைப் பார்த்தாள், டைப்பம்மா சமக்குறிகளைப் பார்த்தார். நாலு நாற்பத்தொன்றுக்கு ஆய்வேடு ஏறியது.

திரையில் ஒரு வரி வந்தது: பெறப்பட்டது, வழிகாட்டியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

"ஏறிடுச்சு!" மருமகள் எழுந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். டைப்பம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மருமகளின் போன் அடித்தது. வழிகாட்டிப் பேராசிரியர். பேச்சு அறை முழுக்கக் கேட்கும்படி போனை மேஜை மேல் வைத்தாள்.

"என்னம்மா இது? நாலாம் அத்தியாயத்துல பாதியைக் காணோம்?"

"ரெண்டாவது தேற்றம் தப்பு சார். ஒரு உறுப்பு கேன்சல் ஆகாது. எடுத்துட்டேன்."

பேராசிரியர் ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை மாநாட்டுல நான் பேசப்போறதே அந்தத் தேற்றத்தைப் பத்தித்தான். உன் பேரும் என் பேரும் போட்டுக் கட்டுரை அச்சாயிடுச்சு. தெரியுமா?"

மருமகளுக்குத் தெரியாது. முகம் வெளுத்தது. ஆனால் குரலை இறக்கவில்லை. "தெரியாது சார். தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருப்பேன்."

"அதை நான் மூணு தடவை சரிபார்த்தேன். என் கண்ணுல படாததை யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க அத்தை."

"அத்தையா? அவங்க என்ன, கணிதமா?"

"டைப் பண்றவங்க சார். இதை அடிச்சதே அவங்கதான்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் அறைக்கு வா. அவங்களையும் கூட்டிட்டு வா. எங்க தப்புன்னு அவங்களே எனக்குக் காட்டட்டும். ஒப்புதல் குடுக்கறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணுவேன்."

டைப்பம்மா மேஜையின் மேல் குனிந்து போனுக்கு நேராக வாயை வைத்தார்.

"பத்து மணிக்கு வந்துடறோம் சார். அந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பெரிய எழுத்துல அச்சடிச்சு வைங்க."

தொடர்பு அறுந்தது. அவர் வைத்தாரா, தானாகப் போயிற்றா என்று இருவருக்கும் தெரியவில்லை.

"அத்தை, அவர் உங்களைப் பாராட்டறதுக்குக் கூப்பிடலை."

"அது எனக்கும் புரிஞ்சுதும்மா. ஆளைக் காணோம்னு காட்டறது சுலபம், விரல் வெச்சுக் காட்டிடுவேன். ஏன் அவர் போக முடியாதுன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

மருமகள் குப்புறக் கிடந்த வெள்ளைத் தாளைத் திருப்பி இருவருக்கும் நடுவில் வைத்தாள். தன் நாற்காலியை மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"நான் சொல்லித் தர்றேன்" என்றாள். "முதல் வரியில மூணு பேர் வராங்க இல்லையா, அவங்க யாருன்னு இப்போ பார்ப்போம்."

டைப்பம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளின் மேல் குனிந்தார்.